களம் கண்ட கலைகள் – 12: ஐந்து கூடங்களில் பிறந்த கலை

ஒகினாவாத் தீவின் பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபூனாகோஷி 1922ஆம் ஆண்டு டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்து காட்டியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கெய்யோ, வசேதா, சுவோ, தகுஷோகு என்று டோக்கியோவின் பெரிய பல்கலைக்கழகங்களில் கராத்தே மன்றங்கள் முளைத்துவிட்டன. மாலையில் வகுப்பு முடிந்ததும் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்ற அந்த மாணவர்களில் சிலர் கொரியாவிலிருந்து படிக்க வந்தவர்கள். டேக்வாண்டோவின் கதையை நான் தொடங்குவது அவர்களிடமிருந்துதான்.

இப்படிச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். பயிற்சிக்கூடங்களில் வழக்கமாகச் சொல்லித்தரும் வரலாறு வேறு. கோகுர்யோ அரச மரபினரின் கல்லறைச் சுவரில் இரண்டு வீரர்கள் கைகளை நீட்டி எதிரெதிரே நிற்கும் ஓவியம், சில்லா நாட்டின் ஹ்வாராங் என்ற இளம் வீரர் படை, கியோங்ஜுவின் சொக்குராம் குகைக் கோயிலில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் காவல் வீரர் சிற்பம் என்று அந்த வரலாறு போகும். டேக்வாண்டோவுக்கு இரண்டாயிரம் வயது என்று முடியும். அந்த ஓவியமும் சிற்பமும் மெய்தான். கொரியர்கள் பழங்காலத்திலேயே வெறுங்கையால் சண்டையிடும் கலைகளை அறிந்திருந்தார்கள் என்பதும் மெய். 1790ல் மன்னர் ஜோங்ஜோவின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட ‘முயே டோபோ டோங்ஜி’ என்ற படைப்பயிற்சி நூல் 24 கலைகளைப் படங்களோடு விளக்குகிறது. அவற்றில் வெறுங்கைச் சண்டையும் ஒன்று. ஆனால் அந்தப் பழங்கலைகளிலிருந்து இன்றைய டேக்வாண்டோ வரைக்கும் அறுந்துபோகாமல் வந்த ஆசான்–மாணவர் வரிசை எதுவும் கிடையாது. அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மெய்யாக நடந்தது அந்தப் பழம்பெருமையைவிடப் பெரிய கதை என்றே நான் கருதுகிறேன்.

1910ல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 35 ஆண்டுகள் அந்த ஆட்சி நீடித்தது. 1938க்குப் பிறகு பள்ளிகளில் கொரிய மொழிப்பாடம் படிப்படியாக ஒழிந்தது. 1940 முதல் மக்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள்; அதே ஆண்டு கொரிய மொழி நாளேடுகள் இழுத்து மூடப்பட்டன. மேற்படிப்பு வேண்டும் என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ கப்பல் ஏறினார்கள். ஆளும் நாட்டின் தலைநகரில், ஆளப்படும் நாட்டுப் பையனாக வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தற்காப்புக் கலை கற்கும் ஆசை அவர்களுக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

லீ வொன்-குக் சுவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனவர். ஃபூனாகோஷியிடம் நேரடியாகக் கற்றார். ரோ ப்யுங்-ஜிக் என்பவரும் அதே ஆசானின் மாணவர். ஊர் திரும்பியதும் இருவரும் 1944ல் கூடம் திறந்தார்கள். லீயின் சுங்டோக்வான் சியோலில். ரோவின் சோங்மூக்வான் கேசோங் நகரில். ‘க்வான்’ என்றால் கூடம். நாடு விடுதலையடைந்த 1945லும் அதற்கடுத்த ஆண்டிலும் இன்னும் மூன்று கூடங்கள் வந்தன. ஹ்வாங் கீ ரயில்வேயில் வேலை பார்த்தவர். மூடுக்வானை சியோலின் யோங்சான் ரயில் நிலையத்தில் தொடங்கினார். முதலில் கற்றுக்கொண்டவர்கள் ரயில்வே ஊழியர்கள். சுன் சாங்-சப் ஏற்கெனவே இருந்த ஒரு ஜூடோ கூடத்துக்குள் தன் வகுப்பை நடத்தினார்; அதுதான் பின்னாளில் ஜிடோக்வான் ஆனது. யூன் ப்யுங்-இன் சியோல் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கற்றுத்தந்தார்; அது சாங்மூக்வான் ஆனது.

யூனின் கதை கொஞ்சம் விரித்துச் சொல்லத்தக்கது. மஞ்சூரியாவில் வளர்ந்த அவர் சிறுவயதிலேயே சீனக் குங்ஃபூ கற்றவர். டோக்கியோவில் நிஹோன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தோயாமா கன்கென் என்ற கராத்தே ஆசானிடம் போய்ச் சேர்ந்தார். இருவரும் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஆக, கொரியாவுக்குத் திரும்பிய அந்த இளைஞரின் கைகளில் சீனமும் ஒகினாவாவும் சேர்ந்தே வந்தன. ஐந்து கூடங்களும் ஒன்றுக்கொன்று சாயல் உள்ளவை. ஆனால் எதுவும் இன்னொன்றின் நகல் அல்ல. ஒவ்வொருவரும் தம் கலைக்கு வைத்த பெயரும் வெவ்வேறு.

அப்படியானால் கொரியாவுக்கே சொந்தமான கலை அப்போது எங்கே போயிருந்தது? டெக்யோன் என்ற பழைய கால் விளையாட்டு ஒன்று இருந்தது. திருவிழாக் காலங்களில் ஊருக்கு ஊர் அணி கட்டி ஆடுவார்கள். யூ சுக் என்ற ஓவியர் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த ஒரு படத்தில் ஊரே கூடி நின்று அதை வேடிக்கை பார்க்கிறது. தளர்ந்த வெள்ளை உடை. முழங்காலைத் தளர்த்தி முன்னும் பின்னும் ஆடி ஆடி வைக்கும் அடி. எதிராளியின் காலை வாரிவிடும் வீச்சு. திடீரென்று தலை உயரத்துக்கு எழும் ஓர் உதை. பார்ப்பதற்கு நடனம் போலிருக்கும். ஜப்பானிய ஆட்சியில் இந்த ஊர்க்கூட்டங்கள் நின்றுபோயின. விடுதலைக்குப் பிறகு டெக்யோனை முறையாகக் கற்றவர் என்று சொல்லத்தக்கவர் ஏறக்குறைய ஒரே ஒருவர்தான்: சியோலைச் சேர்ந்த சோங் டோக்-கி. 1893ல் பிறந்தவர். 1987ல் அவர் மறைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1983ல், அரசு டெக்யோனைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துக் காப்பாற்றிக்கொண்டது. 2011ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

கூடங்கள் வேர்பிடிப்பதற்குள் போர் வந்துவிட்டது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் சியோல் நான்கு முறை கை மாறியது. சுன் சாங்-சப், யூன் ப்யுங்-இன் இருவரும் அந்தப் போரில் காணாமல்போனார்கள். ஐந்து கூடங்களில் இரண்டு, நிறுவிய ஆசானை இழந்து நின்றன. லீ வொன்-குக் ஜப்பானுக்குப் போய்விட்டார். சீடர்கள் அகதிகளாக ஓடிய ஊர்களில், கிடைத்த இடத்தில் வகுப்பு நடத்திக் கலையை உயிரோடு வைத்திருந்தார்கள். பெயர் தெரியாத அந்தச் சீடர்களுக்கு டேக்வாண்டோ பட்டிருக்கும் கடன் பெரிது.

இந்த இடத்தில்தான் ராணுவம் உள்ளே வருகிறது. சோய் ஹோங்-ஹீ 1918ல், இன்று வடகொரியாவில் உள்ள மியோங்சோன் வட்டாரத்தில் பிறந்தவர். ஜப்பானில் படிக்கும்போது கராத்தே கற்றவர். உலகப்போரில் ஜப்பானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, தப்பிக்கத் திட்டமிட்ட குற்றத்துக்காகப் பியோங்யாங்கில் சிறை வைக்கப்பட்டிருந்தார். 1945 விடுதலை அவரையும் விடுவித்தது. புதிய தென்கொரிய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து தளபதி ஆனார். தமக்குத் தெரிந்த கலையைச் சிப்பாய்களுக்கு ஓயாமல் கற்றுத்தந்தார். துணைக்கு நாம் டே-ஹீ என்ற சுங்டோக்வான் மாணவரைச் சேர்த்துக்கொண்டார். ராணுவத்துக்குள் அவர்கள் தொடங்கிய கூடத்தின் பெயர் ஓடோக்வான்.

1950களின் முற்பகுதியில் ஒருநாள் அதிபர் சிங்மன் ரீ முன்னிலையில் ராணுவச் செயல்விளக்கம் நடந்தது. நாம் டே-ஹீ 13 கூரை ஓடுகளை அடுக்கி ஒரே குத்தில் உடைத்தார். கொரிய வீடுகளின் சுட்ட மண் ஓடு நம் நாட்டு ஓட்டைவிடக் கனமானது, வளைந்தது. வளைவை மேலே வைத்து அடுக்கினால் ஒவ்வோர் ஓடும் தன் மேல் விழும் அடியை இரு விளிம்புகளுக்கும் பிரித்து அனுப்பிவிடும். அதை உடைக்கத் தோள்வலு மட்டும் போதாது. இடுப்பின் திருப்பம், மூச்சு, உடல் எடை எல்லாம் ஒரு கணத்தில் இரண்டு விரல்முட்டிகளில் வந்து சேரவேண்டும். ஏறக்குறைய எண்பது வயதான ரீ அதைப் பார்த்துவிட்டு, இது நம் டெக்யோன்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னதாகச் சோய் பின்னாளில் எழுதினார். படைவீரர்கள் எல்லாரும் இதைக் கற்கவேண்டும் என்றும் அதிபர் விரும்பினாராம்.

அதிபர் பார்த்தது டெக்யோன் அல்ல என்பது சோய்க்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாட்டின் தலைவர் அந்தக் கலையில் தன் நாட்டைப் பார்த்துவிட்டார். இதன் பிறகு ஜப்பானிய வாசனை உள்ள பழைய பெயர்களை வைத்துக்கொண்டிருக்க முடியாது. 1955 ஏப்ரல் 11ஆம் நாள் சோய் கூட்டிய குழுவில் டேக்வாண்டோ என்ற பெயர் தேர்வானது. காதுக்கு டெக்யோனை ஒத்திருந்தது. பொருள் கால், கை, நெறி என்று நேராகச் சொன்னது. கூடங்களின் ஆசான்கள் எல்லாரும் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஹ்வாங் கீ கடைசிவரை தனி வழியே போனார். 1961ல் ராணுவ ஆட்சி வந்து, எல்லாக் கூடங்களும் ஒரே சங்கத்தில் சேரவேண்டும் என்று நெருக்கியபோதுகூட அந்தச் சங்கம் டேசூடோ என்ற வேறு பெயரைத்தான் வைத்துக்கொண்டது. 1965ல் சோய் அதன் தலைவரான பிறகுதான் அது கொரிய டேக்வாண்டோ சங்கம் ஆயிற்று.

இரண்டாயிரம் ஆண்டுக் கதை எழுதப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். அதை எழுதியவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாய்மொழியையும் தகப்பன் வைத்த பெயரையும் பறித்தவர்களிடம் கற்ற கலை இது என்று, விடுதலையான பத்தே ஆண்டில், இடிந்த நகரத்தில் நின்றுகொண்டு எந்த ஆசான் சொல்லுவார்? ஆனாலும் சொல்லவேண்டிய நாள் வந்தது. ஜிடோக்வானின் மூத்த ஆசான்களில் ஒருவரும் டேக்வாண்டோவின் தலைமையகத்தில் பொறுப்பு வகித்தவருமான லீ ஜோங்-ஊ, 2002ல் ‘ஷின்டோங்கா’ மாத இதழுக்குக் கொடுத்த பேட்டியில், மூலம் கராத்தேதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மையால் கலைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கராத்தேயும் ஜப்பானின் சொந்தச் சரக்கல்ல என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம்; 1879ல் ஜப்பான் விழுங்கிய ரியூக்யூ அரசின் கலை அது, அதற்கு முன்பு சீனத்திலிருந்து வந்தது. கலைகள் இப்படித்தான் கைமாறிப் போகின்றன. வாங்கியவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கொரியர்கள் இரண்டு காரியம் செய்தார்கள்.

முதலாவது, அசைவுத் தொகுப்புகளில் தங்கள் வரலாற்றை ஏற்றினார்கள். கராத்தேயில் கட்டா என்கிறோமே, அதுபோன்ற தொகுப்புகளைச் சோய் தம் மாணவர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றாக உருவாக்கினார். பின்னாளில் அவை 24 ஆயின. அடிப்படை நிலைகளும் தடுப்புகளும் பெரும்பாலும் கராத்தே வழிவந்தவை. ஆனால் பெயரும் அமைப்பும் வேறு. கொரியாவின் முதல் ஜப்பானிய ரெசிடென்ட் ஜெனரலாக இருந்த இத்தோவை 1909ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் சுட்டுக்கொன்ற அன் ஜூங்-குன் பெயரில் ஒரு தொகுப்பு. அதில் 32 அசைவுகள். மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்கில் அவருக்கு வயது 32. சாம்-இல் என்ற தொகுப்பு 1919 மார்ச் 1 விடுதலைக் கிளர்ச்சியைக் குறிப்பது. அறிக்கையில் கையொப்பமிட்ட 33 பேருக்காக 33 அசைவுகள். கடற்படைத் தலைவர் யீ சுன்-சின் பெயரால் அமைந்த சூங்-மூ தொகுப்பு இடதுகைத் தாக்குதலோடு முடிகிறது. வலிமை முழுவதையும் காட்ட இடம் கிடைக்காமலே மாண்டுபோன வீரரின் நினைவாக அப்படி முடித்தார்கள். அடுத்த பட்டை வாங்கக் காத்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை இத்தகைய எண்ணிக்கைகளை உடம்பால் மனப்பாடம் செய்கிறது. பறிக்கப்பட்ட பாடப்புத்தகத்தைக் கை கால்களில் எழுதிவைத்தார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். டேக்வாண்டோவில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

இரண்டாவது, காலை உயர்த்தினார்கள். ஃபூனாகோஷியின் கராத்தேயில் கைக்கே முதன்மை. உதை பெரும்பாலும் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். எதிராளியைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்பே அடியை நிறுத்திவிடவும் வேண்டும். 1960களில் கொரியாவின் தேசிய விளையாட்டு விழாவில் டேக்வாண்டோ இடம்பெற்றபோது ஆசான்கள் வேறு வழியில் போனார்கள். மார்புக்கவசம் கட்டிக்கொண்டு மெய்யாகவே அடிக்கலாம், முகத்தில் குத்தக்கூடாது, ஆனால் தலையில் உதைக்கலாம். இந்த விதி கலையின் உருவத்தையே மாற்றிவிட்டது. குத்துக்குப் பலன் குறைந்தபோது கை தாழ்ந்தது. எடை பின்காலுக்கும் முன்காலுக்கும் இடையே துள்ளத் தொடங்கியது. தொலைவு கூடியது. எட்டமுடியாத இடத்தில் நின்றவனை எட்டுவதற்குப் புதுப்புது உதைகள் பிறந்தன. ஊர்த்திருவிழாவில் தலையுயர உதைக்குக் கைதட்டிய பழைய நினைவும் அந்த ஆசான்களுக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டோல்யோ சாகி என்ற சுற்றுதையை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். முதலில் முழங்கால் மடங்கி நேராக மேலே எழுகிறது. அதுவரை வரப்போவது முன்னுதையா சுற்றுதையா என்று எதிராளிக்குத் தெரியாது. பிறகு ஊன்றிய பாதம் தரையில் சுழன்று குதிகாலை எதிராளியின் பக்கம் காட்டுகிறது. இடுப்பு கவிழ்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி விசிறுகிறது. புறங்கால் போய்ப் படுகிறது. பட்ட வேகத்திலேயே மடங்கித் திரும்பிவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இத்தனையும் நடக்கும். இன்றைய போட்டி விதிப்படி மார்புக்கவசத்தில் விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் விழும் உதைக்கு 3. முதுகைக் காட்டிச் சுழன்று உதைத்தால் 4, அதுவே தலையில் விழுந்தால் 5. அபாயம் கூடக்கூடப் பரிசும் கூடும். கடைசி ஐந்து நொடியில் நான்கு புள்ளி பின்தங்கியவர்கூட வென்றுவிடலாம் என்பதால் பார்வையாளர் எழுந்து போகவே முடியாது.

வெளிநாடுகளுக்கு இந்தக் கலையை எடுத்துப்போனதும் முதலில் ராணுவமும் அரசுமே. 1962ல் சோய் மலாயாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். பிரதமர் துங்கு அப்துல் ரகுமானின் விருப்பப்படி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் டேக்வாண்டோ செய்துகாட்டப்பட்டது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனது. அதே 1962 இறுதியில் நாம் டே-ஹீ தலைமையில் ஒரு சிறு குழு தென்வியட்நாம் படையினருக்குக் கற்றுத்தரப் புறப்பட்டது. சில ஆண்டுகளில் கொரியப் போர்ப்படைகளே வியட்நாமில் வந்து இறங்கின. மாறி மாறி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே பணியாற்றினார்கள். அந்தப் போரில் கொரியப் படைகள் செய்த கொடுமையையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதக்கூடாது. 1968 பிப்ரவரியில் ஃபோங் நீ கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதில் பிழைத்த ஒரு பெண்ணுக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 வரை ஆயிற்று. துப்பாக்கியோடு சேர்ந்தே ஒரு நாட்டுக்குள் போன கலை இது.

அதன் பிறகு விளையாட்டாக வளர்ந்த கதை வேகமானது. 1971ல் சங்கத் தலைவரான கிம் ஊன்-யோங் 1972ல் சியோலின் கங்னம் குன்றில் குக்கிவொன் தலைமையகத்தைக் கட்டிமுடித்தார். மறு ஆண்டே முதல் உலகப் போட்டியும் உலகச் சம்மேளனமும் வந்தன. 1988 சியோல், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டி. 2000 சிட்னியில் முழுப் பதக்கப் போட்டி.

சிட்னியில் பெண்கள் 57 கிலோ இறுதிப்போட்டியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கொரியாவின் ஜுங் ஜே-உன். மறுபக்கம் வியட்நாமின் ட்ரான் ஹியு ங்கான். தங்கம் கொரியாவுக்குப் போனது. வியட்நாம் வீராங்கனை வென்ற வெள்ளிதான் அந்த நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கம். எட்டு ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் ரோஹுல்லா நிக்பாய் வென்ற வெண்கலம் ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2016 ரியோவில் அகமது அபுகவுஷ் வென்ற தங்கம் ஜோர்டானின் முதல் பதக்கம். மூன்றுமே டேக்வாண்டோவில் வந்தவை. நீச்சல் குளமோ விலையுயர்ந்த படகோ குதிரையோ தேவையில்லாத விளையாட்டு இது. ஒரு தளம், ஒரு சீருடை, பொறுமையுள்ள ஓர் ஆசான் இருந்தால் தொடங்கிவிடலாம். ஏழை நாடுகள் இதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவின் எட்டுத் தங்கங்களும் தாய்லாந்து, உஸ்பெகிஸ்தான், இத்தாலி, அமெரிக்கா, குரோஷியா, செர்பியா, ரஷ்ய அணி எனப் பிரிந்து போயின. கொரியாவுக்கு ஒன்றுகூட இல்லை. தாய்லாந்துக்குத் தங்கம் வாங்கித்தந்த பானிபக்கின் பயிற்சியாளர் கொரியாவில் பிறந்தவர்.

இதற்கிடையே, பெயர் வைத்த சோய் ஹோங்-ஹீ 1972ல் தென்கொரியாவை விட்டே வெளியேறிக் கனடாவில் குடியேறினார். 2002ல் பியோங்யாங்கில் இறந்தார். ஒரே கலை இரண்டு சம்மேளனங்களாகவும் இரண்டு கொரியாக்களின் கலையாகவும் பிரிந்த அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)